திரைக்குப் பின்னால் இருப்பவர்

மில்வாக்கி நகரில் ஒரு விளையாட்டுக் கடை. முன்பக்கம் முழுக்கப் புத்தகங்களும் அட்டைப் பெட்டிகளும். பின்பக்கம் நீள மேசைகள். இங்கிருந்து காரில் ஒரு மணி நேரம் போனால் லேக் ஜெனீவா என்ற சிற்றூர். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெஸனும் எழுதிய ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற கதையாட்டம் 1974-இல் ஒரு பெட்டிக்குள் மூன்று சிறு புத்தகங்களாக அங்கிருந்துதான் வெளிவந்தது.

பின்மேசை ஒன்றில் அதே ஆட்டம். வேடிக்கை பார்க்கலாமா என்று கேட்டதும் ஒரு நாற்காலியை நகர்த்திப் போட்டார்கள். பிறகு என்னை மறந்துவிட்டு ஆட்டத்தில் இறங்கிவிட்டார்கள்.

ஐந்து ஆட்டக்காரர்கள். மேசையின் கோடியில் டஞ்சன் மாஸ்டர், சுருக்கமாக டிஎம். கதையை நடத்துவதும் அரக்கர்கள் சார்பில் பகடை உருட்டுவதும் விதியில் சந்தேகம் வந்தால் தீர்ப்புச் சொல்வதும் அவர்தான். நாற்பது வயதைத் தாண்டிய பெண்மணி. முன்னால் மடிப்பு மடிப்பாக ஓர் அட்டைத் திரை. ஆட்டக்காரர்களுக்கு அதன் வெளிப்பக்கத்து ஓவியம் மட்டும்தான் தெரியும். பக்கவாட்டில் உட்கார்ந்திருப்பதால் எனக்கு உள்பக்கமும் தெரிகிறது.

கோடு போட்ட தாள். இடது ஓரத்தில் ‘ஓநாய் 1’ முதல் ‘ஓநாய் 6’ வரை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேரே 11 என்று உயிர்ப்புள்ளி. கீழே மூன்று ஓகர்கள், மனிதரைத் தின்னும் ராட்சதர்கள். தாளுக்குப் பக்கத்தில் ஒரு கிண்ணம் நிறையப் பிளாஸ்டிக் வளையங்கள். சோடா பாட்டிலின் கழுத்திலிருந்து கழற்றியவை. எந்த அரக்கன் கீழே விழுந்திருக்கிறான், எவனுக்கு வேகம் குறைந்திருக்கிறது என்று நினைவில் வைக்க, பொம்மையின் தலை வழியாக மாட்டிவிடுவதற்கு.

பனிமலைக் கணவாயில் சண்டை தொடங்குகிறது. ஃபைட்டராக, அதாவது போர்வீரனாக ஆடும் இளைஞன் கையில் பெரிய சம்மட்டி.

“இருபத்தொண்ணு. பட்டுச்சா?”

“பட்டுச்சு.”

“அப்ப டாப்பிள். அவன் தப்பப் பதினஞ்சு எடுக்கணும்.”

2024-இல் வந்த புதிய ‘பிளேயர்ஸ் ஹேண்ட்புக்’ கொடுத்த உரிமை இது. ஆயுதம் ஒவ்வொன்றுக்கும் ஒரு தனித்திறன். சம்மட்டி அடி பட்டால் எதிரி நிலைகுலைந்து விழ வாய்ப்புண்டு. விழுகிறானா இல்லையா என்று டிஎம் பகடை உருட்ட வேண்டும். உருட்டுகிறார், ஓகரின் உடல்வலுவைக் கூட்டுகிறார், “விழுந்துட்டான்” என்கிறார், ஒரு வளையம் மாட்டுகிறார். ஐந்தாம் நிலை ஃபைட்டருக்கு ஒரு முறைக்கு இரண்டு அடி. உடனே இன்னொரு பகடை. இளைஞன் தன் சிறப்புத் திறனையும் பயன்படுத்தி மேலும் இரண்டு அடி அடிக்கிறான். இன்னும் இரண்டு பகடை. அவன் முகத்தில் அப்படியொரு களிப்பு, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பழைய விதியில் ஃபைட்டர் வேலை பெரும்பாலும் ‘அடிக்கிறேன், அடிக்கிறேன்’ என்பதோடு முடிந்துவிடும்.

அடுத்தவர் வில்லாளி. அம்பு பட்ட ஓநாயின் வேகம் பத்தடி குறைகிறது, வில்லாளியின் அடுத்த முறை வரும் வரை. நீள்வாள்காரர் அடித்த ஓகர் தன் அடுத்த தாக்குதலில் இரண்டு பகடை உருட்டிக் குறைந்ததைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். தாளில் அம்புக்குறி, சுழி, அடிக்கோடு. அழிரப்பர் தேய்கிறது.

பிறகு கிளெரிக்கின் முறை. தெய்வ அருளால் மந்திரம் போடுகிறவர். தன்னைச் சுற்றிப் பதினைந்து அடிக்கு ஆவிகளைச் சுழலவிட்டுக்கொண்டு ஓநாய்களின் நடுவே ஓடுகிறார். ஆவி வட்டம் எதிரிமேல் படர்ந்தாலே அடி விழும் என்று புதிய விதி திருத்தியிருக்கிறது. பழைய 2014 விதியில் எதிரி வட்டத்துக்குள் வர வேண்டும், அல்லது அங்கே தன் முறையைத் தொடங்க வேண்டும். ஓட்டம் நான்கு ஓநாய்களைத் தொட்டது. நான்கு பகடை, நான்கு கூட்டல், நான்கு கழித்தல். மேசை ஆரவாரிக்கிறது. டிஎம் தலை நிமிரவில்லை. பொம்மைகளைச் சாய்த்துவிட்டு, பெயர்களின் மேல் கோடு இழுக்கிறார்.

மிஞ்சிய இரண்டு ஓநாய்களும் கிளெரிக் மேல் பாய்ந்தன.

“கடிச்சிருச்சு. நீங்க கீழ விழுந்துட்டீங்க.”

“நான் பகடை போட வேண்டாமா?”

“வேண்டாம். புது மான்ஸ்டர் மேனுவல்.”

2025 பிப்ரவரியில் வந்த அரக்கர் நூல் அது. முன்பு ஓநாய் கடித்தால் ஆட்டக்காரர் பகடை உருட்டி நிலைகுலையாமல் தப்பலாம். இப்போது கடி பட்டாலே விழுந்ததுதான். பல அரக்கர்களுக்கு இப்படிக் கூர் ஏற்றியிருக்கிறார்கள்.

இடைவேளையில் வாக்குவாதம். பாலடினாக, அதாவது தெய்வத்தின் பெயரால் போரிடும் வீரராக ஆடும் முதியவர் எண்பதுகளிலிருந்தே ஆடி வருபவர். புது விதியெல்லாம் ஆட்டக்காரன் பக்கம்தான் என்கிறார். மருந்துக் குப்பியைக் குடித்துவிட்டு அதே முறையில் அடிக்கவும் செய்யலாம். காயம் ஆற்றும் மந்திரத்துக்கு ஒரு பகடை இருந்த இடத்தில் இரண்டு. மனிதப் பாத்திரத்துக்கு ஒவ்வொரு நீண்ட ஓய்வுக்குப் பிறகும் ஒரு பகடையை மறுபடி உருட்டும் உரிமை. சம்மட்டி இளைஞன் மறுக்கிறான்: பாலடினின் தெய்வீக அடியை ஒரு முறைக்கு ஒன்று என்று குறைத்தது யார் பக்கம்? ஓநாய்க் கடி யார் பக்கம்?

இருவர் சொல்வதும் மெய். முதியவரின் ஆதங்கத்துக்கு நீண்ட வேர் உண்டு. 1979-இல் வந்த ‘டஞ்சன் மாஸ்டர்ஸ் கைடு’ நூலில்தான் தாக்குதல் அட்டவணையே இருந்தது. ஆட்டக்காரர் பகடை எண்ணைச் சொல்வார்; பட்டதா இல்லையா என்று டிஎம் அட்டவணை பார்த்துச் சொல்வார். 1989-இல் இரண்டாம் பதிப்பு வந்ததும் அந்தக் கணக்கு ஆட்டக்காரரின் கைக்கே வந்தது. இப்போதைய டிஎம் நூலில் ஆட்டக்காரர்கள் தங்களுக்கென்று கோட்டை கட்டி, அதற்கான முறைகளைத் தாங்களே நடத்திக்கொள்ளவும் விதி இருக்கிறது. 2022-இல் வெளியிட்ட சோதனை விதிகளில், அரக்கர்கள் இருபது உருட்டினாலும் இரட்டை அடி கிடையாது என்றுகூட எழுதிப் பார்த்தார்கள், பிறகு கைவிட்டார்கள். மேசைக்கு ஒரு டிஎம், நான்கைந்து ஆட்டக்காரர்கள். புத்தகம் விற்கும் நிறுவனத்தின் கண் எந்தப் பக்கம் சாயும் என்பதில் வியப்பில்லை.

ஆனால் திரையின் உள்பக்கத்தைப் பார்த்தபின், பலம் யாருக்கு என்ற கேள்வியே எனக்குச் சிறியதாகப்படுகிறது. டிஎம்முக்குப் பலம் குறைவதே இல்லை. பாறைக்குப் பின்னாலிருந்து இன்னும் நான்கு ஓநாய்கள் வந்தன என்று சொன்னால் வந்துவிடும். அவரிடம் குறைவது கவனம். ஆட்டக்காரருக்குக் கிடைத்த ஒவ்வொரு புதுத் திறனும் டிஎம்மின் தாளில் ஒரு கணக்காக வந்து விழுகிறது. அவர்களுக்கு ஆளுக்கு ஒரு பாத்திரம். அவருக்கு ஒன்பது அரக்கர்கள், அதோடு கதை. ஓநாய்க் கடி அவருக்குப் பிடித்திருப்பதன் காரணமும் இதுதான் என்று நினைக்கிறேன். அது வலுவானது என்பதைவிட, ஒரு பகடையை மிச்சம் பிடிக்கிறது.

மற்ற ஆட்டங்கள் வேறு வழி கண்டிருக்கின்றன. 2010-இல் வந்த ‘அபோகலிப்ஸ் வேர்ல்ட்’ ஆட்டத்தில் நடத்துபவர் பகடையே தொடுவதில்லை. 2025-இல் வந்த ‘டேகர்ஹார்ட்’ ஆட்டத்தில் ஆட்டக்காரரின் பகடையே சில நேரம் நடத்துபவருக்கு ‘அச்சம்’ என்ற வில்லையைச் சேர்த்துத் தருகிறது. அவர் அதைச் செலவழித்து ஆபத்தைக் கூட்டுகிறார். அவருடைய பங்கு என்ன என்பதை விதியே சொல்லிவிடுகிறது.

இடைவேளை முடிந்தபோது கிளெரிக் ஒரு காரியம் செய்தார். கிண்ணத்தை எட்டி எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார். “வளையத்தை நாங்க பாத்துக்கறோம்.” அடுத்த சுற்றில் வில்லாளி தன் அம்பு பட்ட ஓகருக்குத் தானே வளையம் மாட்டி, தன் முறை வந்ததும் தானே கழற்றினான். அந்தச் சுற்றில்தான் ஓகர் தலைவனுக்கு ஒரு குரல் கிடைத்தது. அதுவரை வெறும் எண்ணாக இருந்தவன், தம்பியை ஏன் கொன்றாய் என்று கேட்டான். மேசை அமைதியானது, சம்மட்டி இளைஞன் பகடையைக் கீழே வைத்துவிட்டுப் பதில் தேடினான்.

புதிய விதி ஆட்டக்காரர்களுக்கு நிறையக் கொடுத்திருக்கிறது, கொடுக்கட்டும். நீங்கள் இந்த ஆட்டத்தை ஆடுகிறவர் என்றால், உங்கள் ஆயுதம் ஏற்படுத்தும் விளைவை நீங்களே குறித்து வையுங்கள். அது முடியும்போது கேட்காமலே சொல்லுங்கள். உங்கள் மந்திரத்தின் விதியைப் படித்துவிட்டு மேசைக்கு வாருங்கள். டிஎம்மைக் கதை சொல்ல விடுங்கள்.