கேட்கட்டும்

மகளுக்கு ஐந்து வயதிருக்கும்போது ஒரு ராத்திரி படுக்கையில் சொன்னாள்: "அம்மா, நாளைக்கு நீ ஸ்கூல் கேட் வரைக்கும் வராத. ஆட்டோலயே இரு."

ஏன் என்று நான் கேட்கவில்லை. தெரிந்துதான் இருந்தது.

இரண்டு வயதில் வந்த போலியோவால் இடது காலில் காலிப்பர் போட்டு, ஊன்றுகோலோடு நடப்பவள் நான். 2014இல் இந்தியா போலியோ ஒழிந்த நாடு என்று சான்று பெற்றது. அதன்பின் பிறந்த என் மகளின் வகுப்புப் பிள்ளைகளுக்கு இப்படி ஒரு கால் புதிது. அதற்கு முந்தின வாரம் பள்ளி வாசலில் ஒரு சிறுமி கேட்டாள்: "ஆன்ட்டி, உங்க கால்ல ஏன் கம்பி கட்டியிருக்கு?" நான் பதில் சொல்வதற்குள் அவள் அம்மா அவள் கையைக் கிள்ளி, "அப்படியெல்லாம் கேக்கக் கூடாது, பாவம்" என்று இழுத்துக்கொண்டு போய்விட்டார். என் மகள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அவர்மீது எனக்குக் கோபமில்லை. பிள்ளை எதைப் பேசினாலும் 'வளர்த்த லட்சணம்' என்று ஊர் அம்மாவைத்தான் சொல்லும். அந்தப் பயம் எனக்கும் உண்டு. நான் கர்ப்பமாக இருந்தபோது, "உன்னையே ஒருத்தர் பாத்துக்கணும், கொழந்தய யாரு பாத்துப்பா?" என்று கேட்காத உறவுக்காரர்கள் குறைவு. அவர்களுக்குப் பதில் சொல்வதுபோலவே வாழ்ந்தேன். மகள் எழுமுன் காலிப்பரை மாட்டிவிடுவேன், அவள் தூங்கிய பிறகே கழற்றுவேன். பள்ளி வாசலில் மட்டுமில்லை, என் வீட்டிலும் அந்தக் கேள்விக்கு இடமில்லாமல்தான் இருந்தது.

மறுநாள் காலை காலிப்பரை அவள் மடியில் வைத்தேன். "வலிக்குமா?" "ரொம்ப நேரம் போட்டா தோல் உரசும்." "எனக்கும் வருமா?" "வராது. உனக்குச் சொட்டு மருந்து குடுத்தாச்சு." "இது இல்லன்னா?" "கால் மடங்கிடும். இது தாங்கிப் பிடிக்குது." பெல்ட்டை அவளே போட்டுவிட்டாள், ஒரு துளை அதிகமாக இறுக்கி. அன்றைக்கும் நான் ஆட்டோவிலேயே இருந்தேன். சில வாரம் கழித்து அவளே கையைப் பிடித்து வாசலுக்குக் கூட்டிப் போனாள். அந்தச் சிறுமியிடம், "இது பேரு காலிப்பர். பெல்ட் நான்தான் போடுவேன்" என்றாள் பெருமையாக.

2022 நவம்பர் கடைசியில் மெரினாவில் மாற்றுத்திறனாளிகளுக்கு மரப்பாதை திறந்தார்கள். ஊன்றுகோல் மணலில் புதையாமல் முதல்முறையாகக் கடலுக்குப் பக்கத்தில் போனேன். மகள் கேட்டாள்: "இத்தன நாளா ஏன் பாதை போடல?" அதுவரை என் காலைப் பற்றியே கேட்டவள், முதல்முறையாகப் பாதையைப் பற்றிக் கேட்டாள். டிசம்பரில் மாண்டஸ் புயலில் அந்தப் பாதை சேதமானபோது, "எப்ப சரி பண்ணுவாங்க?" என்று தினமும் நச்சரித்தாள். பிறகு சரிசெய்தார்கள்.

இப்போது அவள் போகிற இடமெல்லாம் படிகளை எண்ணுகிறாள். பள்ளி மேடைக்கு நான்கு படி, சாய்தளம் இல்லை. பள்ளி வளாகம் எல்லோரும் வந்துபோகும்படி இருக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அதைக் குறிப்பிட்டு நான் கடிதம் கொடுத்திருக்கிறேன். பதில் வரவில்லை. "எங்கம்மா எப்படி மேல வருவாங்க?" என்று மகளும் மிஸ்ஸிடம் கேட்கப் போகிறாளாம்.

அவரும் 'அப்படியெல்லாம் கேக்கக் கூடாது' என்று சொல்லிவிடக் கூடாது. என் கவலை அதுதான்.