வெட்ட வெட்ட வளர்ந்தது

“களை பிடுங்காப் பயிர் கால் பயிர்” என்பது பழமொழி. பாகூர் ஏரிப் பாசனத்தில் நெல் விளையும் ஊரில் பிறந்த எனக்கு அது புதிதன்று. ஆனால் களை எடுப்பதற்கும் ஒரு முறை உண்டு என்பதை எனக்குக் கற்பித்தது, எங்கள் பள்ளி அறிவியல் கூடத்திலுள்ள 200 லிட்டர் கடல்நீர்த் தொட்டியாகும்.

அத்தொட்டியில் இரண்டு கோமாளி மீன்களும், அவை குடியிருக்கும் பெரிய கடற்சாமந்தி ஒன்றும் உள்ளன. பவளம் மட்டும் இல்லை. பவளப்பாறை உயிர்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் உள்ளன என்று எங்கள் அறிவியல் ஆசிரியையான அருட்சகோதரி கூறியிருந்தார். மீன்களுக்கு உணவிடும் பொறுப்பு இவ்வாண்டு என்னிடம் வந்தது. எனக்கு ஒரே பெருமை! வேளைக்கு ஒரு பிடி தீனி போடுவேன்.

ஜூலை மாதத்தில், புதிதாக வைத்த ஒரு கல்லின் மீது சுண்டுவிரல் நகமளவில் பழுப்பு நிறப் பூப்போன்ற ஒன்று தோன்றியது. சில நாட்களில் அது நீண்டு வளர்ந்தது. அது பட்ட பக்கமெல்லாம் பெரிய சாமந்தி சுருங்கலாயிற்று. சொல்லாமல் யாரும் தொட்டிக்குள் கை விடக்கூடாது என்பது எங்கள் கூடத்தின் விதி. ஆயினும் ஒரு மாலை, யாருமில்லாத நேரத்தில், சிறு கத்தியால் அதைச் சுரண்டி எறிந்தேன். தொல்லை தீர்ந்தது என்று மகிழ்ந்தேன்.

மூன்று வாரங்களில் எண்ணிப் பார்த்தேன். ஒன்று இருந்த இடத்தில் இருபத்தேழு!

“யாராவது இதில் கை வைத்தீர்களா?” என்று அருட்சகோதரி வகுப்பில் கேட்டார். நான் தலை கவிழ்ந்து பேசாதிருந்தேன். அன்று மாலை வயல் வரப்பில் தாத்தா கோரைக்கிழங்கைத் தோண்டிக்கொண்டிருந்தார். “மண்வெட்டியால கொத்திப் போட்டா சீக்கிரம் முடியுமே தாத்தா” என்றேன். அவர் சிரித்தார். “கோரையைக் கொத்துனா போயிடுமா பாப்பா? ஒன்னு ஒம்பதாத்தான் மொளைக்கும். கெழங்கோட எடுக்கணும்” என்றார். எனக்கு நெஞ்சில் சுருக்கென்று தைத்தது.

மறுநாள் காலையில் அருட்சகோதரியிடம் சென்று, “சிஸ்டர், நான்தான்” என்று அழுதுகொண்டே சொன்னேன். அவர் கடிந்துகொள்ளவில்லை. “முன்னமே சொல்லியிருந்தால் ஒன்றோடு போயிருக்கும். பரவாயில்லை, சேர்ந்து பார்ப்போம்” என்றார்.

அதன் பெயர் ஐப்டேசியா. கண்ணாடிச் சாமந்தி என்றும் சொல்லலாம். அதன் அடிப்பாதத்தில் ஒரு துணுக்கு கல்லில் ஒட்டியிருந்தாலும் போதும், அது முழு உயிராக வளர்ந்துவிடும். நான் சுரண்டியது விதைத்ததற்குச் சமம்! மேலும், மீன்கள் தின்னாமல் விட்ட தீனியெல்லாம் அதற்கு விருந்தாயிற்று. ஆகவே முதல் வேலையாக என் கைப்பிடி, ஒரு சிட்டிகையாகக் குறைந்தது. எடுக்கக்கூடிய சிறு கற்களை வெளியே எடுத்து வெயிலில் நன்கு காயவைத்தோம். பெரிய கற்களில் இருந்தவற்றுக்கு மருந்து நம் வீட்டு வெற்றிலைப் பெட்டியில் இருப்பதுதான்: சுண்ணாம்பு! தூய நீற்றுச் சுண்ணாம்பைக் கெட்டியாகக் குழைத்து, ஊசியில்லாத பீச்சுகுழலில் எடுத்து, நீரோட்டக் கருவியை நிறுத்திவிட்டு, அதன் வாய் மீது மெல்ல வைக்கவேண்டும். அதைத் தொட்டுவிட்டால் சட்டென்று உள்ளே சுருங்கிவிடும். கண்ணுக்கும் கைக்கும் காப்பு அணிந்து அருட்சகோதரியே இதைச் செய்தார். நான் எண்ணிக் குறித்தேன். நாளொன்றுக்கு நான்கு மட்டுமே. மிகுந்தால் நீரின் காரத்தன்மை ஏறி மீன்களையே கொன்றுவிடும்.

பெர்கியா என்னும் ஓடில்லாக் கடல் நத்தை இதையே தின்று வாழும் என்று நூலகப் புத்தகத்தில் படித்து, வாங்கலாமா என்று கேட்டேன். “எல்லாம் தீர்ந்த பின் அது எதைத் தின்னும்?” என்று அருட்சகோதரி திருப்பிக் கேட்டார். பிறகு அதைப்பற்றி நான் பேசவில்லை.

இன்னொன்றும் அறிந்தேன். பவளத்தினுள் வாழ்வது போன்ற நுண்பாசி இந்தச் சாமந்தியினுள்ளும் வாழ்கிறது. நம் மன்னார் வளைகுடாவில் 2010-லும் 2016-லும் கடல்நீர் சூடேறிப் பவளங்கள் வெளிறின. அத்தகைய வெளிறலின் காரணத்தை ஆராய, உலகின் பல ஆய்வுக்கூடங்களில் இதையே விரும்பி வளர்க்கிறார்களாம்! இடம் மாறி வந்ததால்தான் அது களை.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முன் எண்ணியபோது மூன்று எஞ்சியிருந்தன. பெரிய சாமந்தி மீண்டும் மலர்ந்து, கோமாளி மீன்கள் அதனுள் உறங்குகின்றன. அந்த மூன்றையும் விடுமுறைக்குப் பின் பார்த்துக்கொள்ளலாம் என்றார் அருட்சகோதரி. தோழியரே, அவசரத்தில் மறைவாகச் செய்த ஒரு நிமிட வேலையைச் சரிசெய்ய எனக்கு நான்கு மாதமாயிற்று. இப்போது தொட்டியில் புதிதாக எதைக் கண்டாலும், கத்தியைத் தேடாமல் முதலில் அருட்சகோதரியைத் தேடிச் செல்கிறேன்.