கணக்கு நான்கே வரிதான்

புதிதாக ப்ரோகிராம் எழுத வருகிறவர்களுக்கு முதல் வேலையாகக் கால்குலேட்டரைத்தான் கொடுப்பேன். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், அவ்வளவுதான். "இது ரொம்ப ஈஸியா இருக்கே சார்" என்பார்கள். கணக்கைப் பொறுத்தவரை ஈஸிதான், நான்கே வரி. மற்ற வரிகளெல்லாம் கீபோர்டு முன்னால் உட்காரப்போகிற ஆளுக்காக எழுத வேண்டியவை. அந்த ஆள் எதை அடிப்பார் என்று யாராலும் சொல்ல முடியாது.

பைத்தானில் தொடங்கினால் முதல் அதிர்ச்சி உடனே வந்துவிடும். இரண்டு எண்களைக் கேட்டு வாங்கிக் கூட்டச் சொல்கிறோம். 2, 3 கொடுத்தால் விடை 23 என்று வருகிறது. இன்புட் என்ற கட்டளை எதைக் கொடுத்தாலும் எழுத்தாகவே வாங்கிக்கொள்ளும். எழுத்துக்களுக்கு நடுவே + போட்டால் பைத்தான் ஒட்டித்தான் வைக்கும். இன்ட் அல்லது ஃப்ளோட் கொண்டு எண்ணாக மாற்றிய பிறகே கூட்ட வேண்டும். இதே மாதிரி 5, 3 இரண்டையும் எழுத்தாக வைத்துக்கொண்டு ஜாவாஸ்கிரிப்ட்டில் கூட்டினால் 53, கழித்தாலோ 2. எழுத்தில் கழித்தல் என்று ஒன்று கிடையாது என்பதால் அது சத்தமில்லாமல் எண்ணாக மாற்றிக்கொள்கிறது. பைத்தான் அந்தக் கழித்தலைச் செய்யவே செய்யாது, எரர் காட்டி நின்றுவிடும். கற்றுக்கொள்கிறவருக்குச் சமாளித்துப் போகிற மொழியைவிடச் சண்டை பிடிக்கிற மொழியே நல்லது என்பது என் கட்சி.

இடையில் ஒரு வேடிக்கை. பைத்தானின் இன்ட் தமிழ் எண்களையும் ஏற்கும். ௧௨ என்று கொடுத்தால் 12 என்று எடுத்துக்கொள்ளும். பத்துக்குரிய குறியோடு பழைய முறையில் ௰௨ என்று கொடுத்துப் பாருங்கள், ஒப்புக்கொள்ளாது. யூனிகோடில் ௰ சாதாரண இலக்கங்களோடு சேர்க்கப்படவில்லை.

நம் பொறியியல் கல்லூரி லேப்களில் இந்தப் பயிற்சியை சி மொழியில், ஸ்விட்ச்-கேஸ் கொண்டு செய்வது நெடுநாள் வழக்கம். அங்கே தொல்லைகள் வேறு. ஒரு கேஸின் முடிவில் பிரேக் போடாவிட்டால் கூட்டலின் விடையைத் தொடர்ந்து கழித்தல், பெருக்கல் விடைகளும் வரிசையாகக் கொட்டும். எண்ணை வாங்கிவிட்டு அடுத்ததாகக் குறியைக் கேட்டால், ப்ரோகிராம் நமக்காக நிற்காமல் தாவி ஓடும். எண்ணுக்குப் பின் தட்டிய என்டர் உள்ளேயே தங்கியிருந்து, அதுவே குறியாகப் போய்விடுவதுதான் காரணம். ஸ்கேன்எஃப் கட்டளையில் %சி-க்கு முன்னால் ஓர் இடைவெளி விட்டால் சரியாகிவிடும். எத்தனையோ பேர் அந்த இடைவெளியைக் காரணம் தெரியாமல் மந்திரம் போல மனப்பாடம் செய்திருக்கிறார்கள். 7-ஐ 2-ஆல் வகுத்தால் 3 வருவதும், பழைய டர்போ சி-யில் 200-ஐ 200-ஆல் பெருக்கினால் -25536 வருவதும் இதே லேப் காட்சிகள். டர்போ சி-யில் இன்ட் என்பது 16 பிட். 32767-ஐத் தாண்டினால் எண் மைனஸ் பக்கம் புரண்டுவிடும்.

0.1-உம் 0.2-உம் கூட்டினால் 0.30000000000000004 வருவதைப் பார்த்ததும் பலருக்கு கம்ப்யூட்டர் மேலேயே சந்தேகம் வந்துவிடுகிறது. மூன்றில் ஒன்றைத் தசமத்தில் 0.333 என்று எழுதி முடிக்க முடியாதல்லவா? பத்தில் ஒன்றை இரும எண்ணில் எழுதினாலும் அப்படித்தான் முடியாமல் நீளும். ஓர் இடத்தில் வெட்டித்தான் ஆக வேண்டும். எங்கே, எப்படி வெட்டுவது என்பதை 1985-இல் வந்த ஐஇஇஇ 754 தரம் வகுத்தது. பெரும்பாலான மொழிகள் இன்று அதன்படிதான் நடக்கின்றன. பணக் கணக்கு என்றால் ரூபாயைத் தசமத்தில் வைக்காமல் பைசாவாக, முழு எண்ணாக வைத்துக்கொள்ளுங்கள்.

இவையெல்லாம் ஒரு வாரத்தில் பிடிபட்டுவிடும். எனக்குப் பிடித்த இடம் இதற்குப் பிறகு வருவது. "2+3×4 என்று மொத்தமாக அடித்தால் விடை சொல்ல வேண்டும்" என்பேன். கடையில் இருக்கும் சாதாரணக் கால்குலேட்டரில் இதை அடித்தால் 20. சயின்டிஃபிக் கால்குலேட்டரில் 14. கடைக்காரர் ஒவ்வொரு பொருளாகக் கணக்குப் போட்டுக்கொண்டே போகிறவர், அவருக்கு அடித்த வரிசையில் விடை வருவதுதான் வசதி. ஆக, யாருக்காக எழுதுகிறோம் என்பதை முடிவு செய்யாமல் சரியான விடை எது என்றே சொல்ல முடியாது.

14-தான் வேண்டும் என்றால், பைத்தானில் ஈவால் என்று ஒரு குறுக்கு வழி இருக்கிறது. ஒரே வரியில் விடை சொல்லிவிடும். ஆனால் அது எதைக் கொடுத்தாலும் ஓட்டும். கணக்குக்குப் பதிலாக யாராவது ஃபைலை அழிக்கும் கட்டளையை அடித்தால் அதையும் ஓட்டும். நேர்வழியை நெதர்லாந்தின் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1961-இல் எழுதி வைத்தார். அல்கால் 60 கம்பைலர் செய்த அனுபவத்தில் பிறந்த முறை அது. ரயில்வே யார்டில் பெட்டிகளைப் பக்கத் தண்டவாளத்தில் ஒதுக்கிவைத்து வரிசை மாற்றுவது போல இருப்பதால் ஷண்டிங் யார்டு என்றே அதற்குப் பெயர்.

எண் வந்தால் நேரே வெளியே அனுப்பு. குறி வந்தால் ஒதுக்கிவை. ஏற்கெனவே ஒதுங்கி நிற்கும் குறிக்கு வந்த குறியைவிட அதிக முன்னுரிமையோ சம முன்னுரிமையோ இருந்தால், முதலில் நிற்பதை வெளியே அனுப்பு. நம் கணக்கில் 2 வெளியே போகும், + ஒதுங்கும், 3 போகும், × வரும். பெருக்கலுக்கு முன்னுரிமை அதிகம், அதனால் + நகராது, × அதன் மேல் ஏறி நிற்கும். 4-உம் போனபின் மேலே நிற்கும் ×, அடுத்து + என்று இறங்கும். கிடைப்பது 2 3 4 × +. இடமிருந்து படித்துக்கொண்டே வந்து, குறி வரும்போதெல்லாம் கடைசி இரண்டு எண்களை எடுத்துக் கணக்கிட்டால் 12, பிறகு 14. 1972-இல் வந்த எச்பி-35 கால்குலேட்டரில் ஆட்கள் இந்த வரிசையிலேயே அடித்தார்கள், அதில் = பொத்தானே கிடையாது.

இதைப் பேப்பரில் பென்சிலால் செய்து பார்த்தவர்களுக்குக் கம்பைலர் பற்றிய பயம் பாதி போய்விடுகிறது. நம் ரெக்கார்டு நோட்டோ ஸ்விட்ச்-கேஸோடு நின்றுவிடுகிறது.

லேப் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். வைவாவில் ஸ்விட்சுக்கு இலக்கணம் கேட்பதை விட்டுவிட்டு, மாணவர் எழுதிய கால்குலேட்டரை ஓட்டி, எண் கேட்கும் இடத்தில் 'அம்மா' என்று அடித்துப் பாருங்கள். மார்க்கை அதன் பிறகு போடுங்கள்.