பதின்மூன்றுக்கும் பதினாலுக்கும் நடுவே

பழைய புல்லட்டின் நட் ஒன்றில் 13 ஸ்பேனரை வைத்தால் நுழையாது. 14-ஐ வைத்தால் நுழைந்துவிட்டு ஆடும். அந்த ஆட்டத்தைப் பார்த்தும் பலம் கொடுத்துத் திருகியவர்களின் கைவரிசை வடசென்னையின் பட்டறைகளில் குவிந்து கிடக்கிறது. திருவொற்றியூர் பக்கம் நான் போயிருந்த பட்டறையில் ஒரு பழைய பிஸ்டனைக் கவிழ்த்துக் கிண்ணமாக்கி, அதற்குள் அப்படிக் கெட்ட நட்டுகளைப் போட்டு வைத்திருந்தார்கள். ஆறு மூலையும் மழுங்கியவை, உளி வெட்டு விழுந்தவை, பைப் ரெஞ்சு கடித்தவை. "இதெல்லாம் பதினாலு போட்டுக் கெடுத்தது சார்" என்றார் மெக்கானிக். கெடுத்தவர்கள் வேறு பட்டறைக்காரர்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

அந்த நட்டின் அகலம் 0.525 அங்குலம், அதாவது 13.3 மில்லிமீட்டர் சொச்சம். அதற்கென்றே செய்த ஸ்பேனரில் இந்த எண் இருக்காது, '1/4 டபிள்யூ' என்றுதான் பொறித்திருக்கும். வாயை அளந்தால் அரை அங்குலத்துக்கு மேல் வருகிறது, மேலே எழுதியிருப்பதோ கால் அங்குலம். புதிதாக வேலைக்கு வரும் பையன்கள் தடுமாறும் இடம் இது. மி.மீ. ஸ்பேனரில் போட்டிருப்பது வாயின் அளவு. பழைய ஆங்கிலேய ஸ்பேனரில் போட்டிருப்பது நட்டுக்குள் போகும் போல்ட்டின் தண்டு அளவு. தண்டைப் பார்க்க வேண்டுமென்றால் முதலில் நட்டைக் கழற்ற வேண்டும்!

இதற்கு மூலவர் ஜோசப் விட்வொர்த். ஒவ்வொரு ஆலையும் தன் இஷ்டத்துக்கு மரை வெட்டிக்கொண்டிருந்த இங்கிலாந்தில், பல பட்டறைகளின் திருகுகளைச் சேகரித்து, அவற்றுக்குப் பொதுவாக ஓர் அளவுத் திட்டத்தை 1841-இல் முன்வைத்தார். மரையின் கோணம் 55 டிகிரி, கால் அங்குல போல்ட்டுக்கு அங்குலத்துக்கு 20 மரை என்று எல்லாம் வரையறுக்கப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பி.எஸ்.எஃப். என்ற நெருக்கமான மரை வந்தது. அதில் கால் அங்குல போல்ட்டுக்கு அங்குலத்துக்கு 26 மரை, தலையும் ஒரு சுற்று சிறியது. இரண்டாம் உலகப் போரில் இரும்பை மிச்சம் பிடிப்பதற்காக விட்வொர்த் போல்ட்டின் தலையையும் ஒரு படி குறைத்தார்கள். விளைவு, 1/4 டபிள்யூ ஸ்பேனரும், பி.எஸ்.எஃப். அளவைக் குறிக்கும் 5/16 பி.எஸ். ஸ்பேனரும் ஒன்றேதான். சில ஸ்பேனர்களில் இரண்டையும் அடுத்தடுத்துப் பொறித்திருப்பார்கள், சிலவற்றில் ஒன்றுதான் இருக்கும்.

போதாக்குறைக்கு 1948-இல் பிரிட்டன், அமெரிக்கா, கனடா மூன்றும் சேர்ந்து 60 டிகிரியில் புதிய பொது மரையை ஏற்றன. அதற்கான ஸ்பேனர்களில் தண்டளவு போய் வாயின் அளவு ஏறியது, கூடவே 'ஏ.எஃப்.' என்ற எழுத்தும். பட்டறை மேசையில் மெக்கானிக் மூன்று ஸ்பேனர்களை வரிசையாக எடுத்து வைத்தார். மூன்றிலும் 7/16 என்றிருந்தது. வெர்னியரில் பார்த்தால் டபிள்யூ 20.8 மி.மீ., பி.எஸ். 18, ஏ.எஃப். 11.1. எண்ணை மட்டும் சொல்லி ஸ்பேனர் கேட்டால் இந்த மூன்றில் எது வேண்டுமானாலும் கைக்கு வரும். அதனால் அவருடைய பட்டறையில் யாரும் எண் சொல்லிக் கேட்பதில்லை. "செயின் கேஸுக்கு உள்ளது", "டேப்பட்டுக்கு உள்ளது" என்று வேலையைச் சொல்லிக் கேட்கிறார்கள்.

டேப்பட் ஸ்பேனர்களை அவர் தனியே ரெக்சின் துணியில் சுற்றி வைத்திருக்கிறார். பழைய வார்ப்பிரும்பு எஞ்சினில் புஷ்ராடின் அடிப்பக்கம் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் தட்டைப் பக்கங்களை ஒரே நேரத்தில் பிடித்துத் திருக வேண்டும். சாதாரண ஸ்பேனரின் தடிமனுக்கு அங்கே இடமில்லை, மெலிசாக இருந்தால்தான் போகும். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். புஷ்ராடு விரலால் சுழற்றினால் தாராளமாகச் சுழல வேண்டும், மேலும் கீழும் அசையக் கூடாது. லாக்நட்டை இறுக்கும்போது அளவு ஓடிவிடும், மறுபடி தளர்த்த வேண்டும். அவர் பேச்சை நிறுத்திக்கொண்டு செய்த வேலை இது ஒன்றுதான்.

சென்னைக்கு இந்த அங்குலம் வந்த வழி தெரிந்ததே. மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச்சிலிருந்த ராயல் என்ஃபீல்டும் கூட்டுச் சேர்ந்து 1955-இல் என்ஃபீல்டு இந்தியா உருவானது. திருவொற்றியூரில் புல்லட் ஆலை எழுந்தது. அடுத்த ஆண்டே இந்தியா மெட்ரிக் அளவுகளுக்கான சட்டத்தை நிறைவேற்றியது. கடைகளில் படி, வீசை போய் லிட்டரும் கிலோவும் வந்தன. வண்டிக்குள் மட்டும் அங்குலம் தங்கிவிட்டது, ஏனென்றால் வரைபடமும் கருவியும் இங்கிலாந்திலிருந்து வந்தவை. 1960களில் ரெட்டிச் ஆலை மூடிய பிறகும் இங்கே உற்பத்தி நிற்கவில்லை. பிற்கால வண்டிகளில் மி.மீ. கொஞ்சம் கொஞ்சமாக நுழைந்தது. ஆக, ஒரு புல்லட்டில் எந்த நட் எந்த ஜாதி என்பதை வண்டியின் வயதை வைத்து மட்டும் சொல்லிவிட முடியாது, நடுவில் அதைத் தொட்ட மெக்கானிக்குகளையும் கணக்கில் எடுக்க வேண்டும். வேடிக்கை என்னவென்றால், முழு அங்குல வண்டியிலும் ஸ்பார்க் பிளக்கின் மரை மட்டும் 14 மி.மீ.

ஸ்பேனர் தேடுபவர்கள் புதுப்பேட்டைக்குத்தான் போகிறார்கள். பிரித்த வண்டிகளின் பாகங்கள் தெருவோரம் வரை பரவிக் கிடக்கும் அந்தச் சந்துகளில், சாக்கு விரித்துக் குவித்த ஸ்பேனர்களில் கைவிட்டுத் துழாவ வேண்டியதுதான். மெக்கானிக்கோடு நானும் போனேன். அவர் சட்டைப் பையில் அளவுக்கு ஒன்றாக நல்ல நட்டுகளைக் கம்பியில் கோத்துக் கொண்டுவந்திருந்தார். துருவேறிய ஸ்பேனரை எடுப்பார், பொறிப்பைப் படிக்காமல் நேரே நட்டை வாயில் விட்டுப் பார்ப்பார். வாயின் நுனி விரிந்திருந்தால் திரும்பக் குவியலில் எறிந்துவிடுவார். 'கிங் டிக்' என்று பொறித்த ஒன்று கிடைத்தபோது முகத்தில் எதையும் காட்டாமல் இன்னும் இரண்டு உதவாக்கரைகளோடு சேர்த்து நீட்டினார்.

"என்ன பாய், இரும்பு வெலைக்குப் போட்டுக் குடுங்க."

"இரும்பு வெலைக்குக் குடுக்க இது என்ன ஆணியா? மூணாவதா நீ வச்சிருக்கறது இங்கிலீஷ் மால், தெரியாமலா எடுத்த?"

பேரம் நெடுநேரம் நடந்தது. உதவாக்கரை இரண்டும் குவியலுக்கே திரும்பின.

கிடைக்காத அளவுகளை அவரே உண்டாக்கிக்கொள்கிறார். புது 13 ஸ்பேனரின் வாயை மூன்றில் ஒரு பங்கு மில்லிமீட்டர் அகட்டினால் அது 1/4 டபிள்யூ. 15-ஐக் கால் மில்லிமீட்டர் அகட்டினால் 5/16 டபிள்யூ. நல்ல ஸ்பேனரில் அரம் வழுக்கிக்கொண்டு போகும், எனவே கிரைண்டர்தான். சக்கரத்தில் ஒரு தொடு, உடனே தண்ணீரில் ஒரு முக்கு. அவசரப்பட்டு அழுத்தினால் உலோகத்தில் நீலம் பாயும், நீலம் பாய்ந்தால் பதம் போய்விட்டது என்று பொருள். இரண்டு முகமும் இணையாக இருக்கிறதா என்று பார்க்க நட்டில் மசி தடவி நுழைத்து எடுக்கிறார். மசி ஒரு மூலையில் மட்டும் ஒட்டியிருந்தால் மறுபடி சக்கரம். நான் பார்த்த வேலைகளிலேயே மிகவும் அலுப்பானது இது, அவருக்கு அப்படித் தெரியவில்லை.

அன்று மாலை ஒரு வாடிக்கையாளர் வந்தார். ஐடி கம்பெனி அட்டை கழுத்தில் தொங்கியது. அப்பா ஓட்டிய வண்டி, எல்லா நட் போல்ட்டையும் மி.மீ.க்கு மாற்றிவிட்டால் எந்த ஊரிலும் ரிப்பேர் பார்க்கலாமே என்பது அவர் யோசனை. கேட்க நியாயமாகத்தான் இருந்தது.

மெக்கானிக் ஒரு கிரான்க்கேஸைத் தூக்கி அவர் முன்னால் வைத்தார். அலுமினியத்தில் 5/16 ஓட்டை, அங்குலத்துக்கு 18 மரை. யாரோ அதற்குள் எம்-8 போல்ட்டை ஏற்றியிருந்தார்கள். தண்டின் கனத்தில் வித்தியாசம் மயிரிழைதான், 7.94-க்கு 8. அதனால்தான் முதல் இரண்டு மூன்று சுற்று இதமாகப் போகிறது. பிறகு மரையின் இடைவெளி ஒத்துப்போகாமல் இறுகும். அதற்கு மேல் திருகினால் போல்ட் அலுமினியத்தைச் சுரண்டிக்கொண்டே இறங்கும். அந்த ஓட்டையில் எஞ்சியிருந்தது வெள்ளைத் தூளும் பாதி மரையும்.

"இதுல எட்டு எம்.எம். மரையும் புதுசா வெட்ட முடியாது தம்பி, பழைய மரையோட சிக்கிக்கும். பத்துக்குப் போகணும், இல்லன்னா புஷ் அடிக்கணும். வண்டி பூரா அப்படிப் பண்ணா கேஸ் தாங்காது."

"அப்ப வெளியூர்ல நின்னுட்டா?"

மெக்கானிக் ரெக்சின் சுருளிலிருந்து தான் அகட்டிய ஸ்பேனர்களில் நான்கைப் பொறுக்கி, ஒவ்வொன்றின் தண்டிலும் பெயின்டால் பாகத்தின் பெயரை எழுதினார். விலை கேட்டதும் அந்த இளைஞர் கொஞ்சம் யோசித்தார், பிறகு ஜிபே செய்தார்.