இருமுனையிலும் ஒரே பாட்டு

கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பெல்மதுளை வழியாகக் கஹவத்தையைத் தொட்டு ஓபநாயக்கவில் முடிந்த ஒடுக்கமான ரயில் பாதையின் அவிசாவளைக்கு அப்பாலான பகுதி 1976இல் மூடப்பட்டுவிட்டமையால், எங்கள் தோட்டங்களில் ரயில் என்பது முதியோரின் ஞாபகமாகவே எஞ்சியிருக்கிறது. தேயிலையும் றப்பரும் ஏற்றிய பாதை அது. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் பருத்தி ஏற்றிய பாதையும் அதே இனத்தைச் சேர்ந்ததுதான்; எனினும் அது பருத்தியோடு புளூஸ் என்னும் ஒரு சங்கீதத்தையும் வடக்கே கொண்டுபோயிற்று.

அச்சங்கீதம் புறப்பட்ட தென்முனையான கிளார்க்ஸ்டேலுக்கு அருகே, ஸ்டோவல் தோட்டத்தில், பாட்டியிடம் வளர்ந்து டிராக்டர் ஓட்டிப் பிழைத்தவர் மடி வாட்டர்ஸ் எனப் பிரசித்தி பெற்ற மக்கின்லி மோர்கன்ஃபீல்ட். எங்கள் தோட்டங்களில், காலையில் வேலைக்கு ஆள்திரட்டும் பிரட்டுக்கு ஆளெழுப்பிய தப்புப் பறையே காமன் கூத்துக்கும் முழங்கியதுபோல, பகலில் உழைத்த கைகளே அங்கு இரவில் கிட்டார் வாசித்தன. புளூஸ் கலைஞர் சன் ஹவுஸைக் கண்டும் கேட்டும் பயின்ற மடி வாட்டர்ஸ், சிறுவிரலில் மாட்டிய குழாயைத் தந்தியின்மீது வழுக்கவிட்டு, ஸ்வரஸ்தானங்களுக்கு இடைப்பட்ட நுண்ணிய நாதங்களைத் தொடுவதைக் கேட்கையில், கோட்டுவாத்தியம் கேட்டுப் பழகிய செவிக்கு அது அந்நியமாகத் தோன்றாது. 1941இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் சார்பில் ஆலன் லோமாக்ஸும் ஜான் வொர்க்கும் அங்கே வந்து அவரது பாட்டை ஒலிப்பதிவு செய்தனர்.

1943 மே மாதத்தில் அவர் ரயிலேறினார். மெம்ஃபிஸ், அதன்பின் இல்லினாய் சென்ட்ரல் பாதையில் ஏறக்குறைய 850 கிலோமீற்றர். வழியைப்பற்றி விஸ்தரிக்க ஒன்றுமில்லை; பலர் சென்ற வழிதான்: அவருக்கு முன்னரே இலட்சக்கணக்கான கறுப்பின மக்கள் வடதிசை நகரங்களுக்குப் புறப்பட்டிருந்தனர்.

வடமுனையான சிக்காகோவில், மதுக்கடைகளின் இரைச்சலில், மின்சாரமின்றி மீட்டிய கிட்டார் எவர் காதிலும் விழவில்லை. மாமன் ஒருவர் மின்சாரக் கிட்டார் ஒன்றை வாங்கிக் கொடுத்தார். ஸ்டோவலில் பதிவான பாட்டொன்றே, 'ஐ கான்ட் பி சாட்டிஸ்ஃபைட்' என்ற பெயரில், 1948இல் இசைத்தட்டாக வெளிவந்தது. விரல்வித்தை பெரிதும் மாறவில்லை. ஆனால் ஒவ்வொரு வழுக்கலும் இப்போது நீண்டு, கனத்து, சபையை அதட்டும் அதிகாரத்தோடு நின்றது. 1958இல் அவர் இங்கிலாந்து சென்றபோது இந்த மின்சார ஓசையைக் கேட்டு முகஞ்சுளித்த ரஸிகர்கள் கிராமத்துக் குடியானவனை எதிர்பார்த்து வந்திருந்தவர்கள். என் மனம் ஸ்டோவல் பதிவையே அதிகம் நாடுகிறது என்றாலும், அவர்கள் பக்கம் என்னால் நிற்க முடியவில்லை. தோட்டத்திலிருந்து வெளியேறியவன் தோட்டத்துத் தொனியிலேயே பாடிக்கொண்டிருக்க வேண்டுமென்று விதிக்க அவர்கள் யார்?