முகம் பார்க்காத பங்காளிகள்

காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால், வாய்வழிச் செய்தி வருமுன்பே காது அறிந்துவிடும். அந்த வீட்டுத் தறி நிற்கும். அடுத்த வீட்டுத் தறி நிற்கும். கொஞ்ச நேரத்தில் தெருவே அடங்கிப்போகும். வாசலில் பந்தல் ஏறும், நாற்காலிகள் வந்து இறங்கும், சங்கு ஊதும். கோடி யார் போடுவது, கொள்ளிச்சட்டி யார் தூக்குவது, யாருக்கு எத்தனை நாள் தீட்டு, பதினாறாம் நாளுக்கு யார் யாருக்குச் சொல்லியனுப்புவது என்று எல்லாவற்றுக்கும் முறை இருக்கிறது. ஆறுதல் சொல்லத் தெரியாதவர்கூட வந்து, கையைப் பிடித்துவிட்டு, பேசாமல் உட்கார்ந்திருக்கலாம். துக்கத்துக்கு அங்கே ஓர் இடம் உண்டு.

கணினித் திரை வழியாக மட்டும் பழகிய ஒருவர் இறந்துபோனால் எந்தத் தறி நிற்கும்? கைப்பேசியில் ஒரு வரி வரும். கீழே அடுத்தடுத்து நூறு பேர் கைகூப்பும் படத்தைப் போடுவார்கள். நாம் அப்போது சாப்பாட்டுத் தட்டின் முன்னாலோ, சென்னைப் பேருந்திலோ இருப்போம். முகம் மாறியதைப் பார்த்து அம்மா கேட்பார்: “யாருடா? நம்ம சனமா?” அவர் சனம் இல்லை, ஊர் இல்லை, கூடப் படித்தவர் இல்லை, கூட வேலை பார்த்தவரும் இல்லை. பொழுதுபோக்காக ஒன்றைச் சேர்ந்து செய்தோம், அவ்வளவுதான். அந்த “அவ்வளவுதான்” எவ்வளவு பெரியது என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

நெசவுக் குடும்பத்தில் பிறந்து, யாரும் எடுத்துத் திருத்திப் பகிரக்கூடிய கட்டற்ற மென்பொருள் மேல் ஆசை கொண்டவன் நான். அத்தகைய இயங்குதளமான லினக்ஸுக்குக் காஞ்சி லினக்ஸ் பயனர் குழு என்று எங்கள் ஊரின் பெயரிலேயே ஒரு குழு இருக்கிறது. ஞாயிறுதோறும் இணைய வழியில் கூடுகிறது. பெயர்தான் காஞ்சி; வருகிறவர்கள் எங்கெங்கோ இருப்பவர்கள். கூலி கிடையாது, கட்டாயம் கிடையாது. ஒருவர் தான் புதிதாகக் கற்றதைச் சொல்வார், இன்னொருவர் தன் கணினியில் தீராத சிக்கலைச் சொல்வார், மூன்றாமவர் திரையைப் பகிரச் சொல்லிப் பொறுமையாக அவிழ்த்துக் கொடுப்பார். இதே வட்டத்து ஆர்வலர்களால் 2012 ஜனவரியிலிருந்து ‘கணியம்’ இதழ் இந்தக் கலையைத் தமிழில் சொல்லிவருகிறது. இப்படி வளரும் பழக்கத்தில் ஒருவருடைய குரலும் எழுத்து நடையும் கோபமும் நகைச்சுவையும் நமக்கு அத்துப்படியாகிவிடும். அவர் வீட்டு வாசல் எந்தத் திசை பார்த்தது என்பது மட்டும் தெரியாது.

தமிழ்நாட்டு லினக்ஸ் வட்டம் இந்த வகைத் துக்கத்தைப் பெரிதாக உணர்ந்தது 2012 ஆகஸ்டில். ஊட்டியில் வாழ்ந்த கென்னத் கோன்சால்வஸ் அப்போது காலமானார். சென்னை லினக்ஸ் பயனர் குழுவின் ஆரம்பகால முன்னோடிகளில் ஒருவர் அவர். பைத்தான் நிரல்மொழியை இந்தியாவில் பரப்பியவர்; அதற்கான இந்தியச் சங்கத்தின் முதல் தலைவர். அவரை நேரில் கண்டவர்களைவிட, குழுவில் அவர் எழுதிய பதில்களைப் படித்துக் கற்றவர்களே அதிகம். அப்படிக் கற்றவர்களில் எத்தனை பேர் மலையேறிப் போய் மாலை போட்டிருக்க முடியும்? எனவே அவர்கள் தங்களுக்குத் தெரிந்த ஒன்றைச் செய்தார்கள். அவர் பெயரில் பைத்தான் சங்கம் ஒரு விருதை ஏற்படுத்தியது. ஆண்டுதோறும் நடக்கும் ‘பைகான் இந்தியா’ மாநாட்டில், கட்டற்ற மென்பொருளுக்கு உழைத்த ஒருவருக்கு அது வழங்கப்படுகிறது. கென்னத்தைப் பார்த்தேயிராத பிள்ளைகள் அந்த அரங்கில் அவர் பெயரைச் சொல்லிக் கை தட்டுகிறார்கள். ஊர் ஊராகச் சிதறிக் கிடக்கும் ஒரு குடும்பம் வருடத்துக்கு ஒரு முறை கொடுக்கும் திதி என்றே அதை நான் நினைக்கிறேன்.

இந்த வரிகளை நீங்கள் தமிழில் படிப்பதற்குக் காரணமானவர்களிலும் இப்படி நடுவில் போனவர்கள் உண்டு. சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி சிறுகதை எழுத்தாளர், ஆசிரியர். 1995இல் சிங்கப்பூர்க் கவிதைகளுடன் தமிழ் எழுத்து இணையத்தில் ஏறியதற்குப் பின்னால் இருந்தவர். ‘கணியன்’ என்ற தமிழ் மென்பொருளை உருவாக்கியவர். 1997 மே மாதம் சிங்கப்பூரில் தமிழ் இணைய மாநாடு நடக்க முன்னின்றவர். அங்கே தொடங்கிய பேச்சு 1999 பிப்ரவரியில் சென்னை மாநாட்டுக்கு வந்து சேர்ந்தது. இன்று பலரும் தட்டச்சிடும் தமிழ்99 விசைப்பலகை அதில் உருப்பெற்றது. மூன்றே மாதத்தில், மே 26 அன்று, கோவிந்தசாமி திடீரென மறைந்தார். அப்போது அவருக்கு வயது 53.

அதிராம்பட்டினத்து உமர்தம்பிக்கும் அதே வயதுதான். 1953இல் பிறந்து 2006 ஜூலை 12இல் போனார். அவர் காலத்து வீட்டுக் கணினிகள் பலவற்றில் தமிழ் ஒருங்குறி (யூனிகோட்) எழுத்துரு கிடையாது. பக்கத்தைத் திறந்தால் கட்டம் கட்டமாகத் தெரியும். பக்கத்தோடு சேர்ந்து தானே வந்து இறங்கும் ‘தேனீ’ எழுத்துருவை அவர் செய்து கொடுத்தார். வாசகர் எதையும் நிறுவ வேண்டாம். கட்டங்கள் போய்த் தமிழ் தெரியும். காசு கேட்கவில்லை. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். வளைகுடாவிலும் ஐரோப்பாவிலும் மலேசியாவிலும் இருந்த எத்தனையோ தமிழர்கள் அவர் செய்து கொடுத்த எழுத்தில் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டார்கள். அவர் போனபோது அதே எழுத்தில் அவருக்கு இரங்கல் எழுதினார்கள். 2010 ஜூனில் கோவையில் நடந்த உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டில், தமிழ் இணையப் பகுதியில் ஓர் அரங்குக்கு அவர் பெயர் வைக்கப்பட்டது.

முகம் காணாத ஒருவருக்காக அழுவது மிகை என்று சொல்பவர்கள் உண்டு. தமிழ் படித்தவர்கள் அப்படிச் சொல்ல முடியாது. கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் ஒருவரையொருவர் நேரில் காணாமலே நண்பர்களானவர்கள். உண்ணாமல் உயிர்விட வடக்கிருந்த சோழன் தன் பக்கத்தில் ஓர் இடத்தை நண்பருக்கென்று ஒதுக்கி வைக்கச் சொன்னான். சுற்றியிருந்தவர்கள் அவர் வருவாரா என்று ஐயப்பட்டார்கள். பாண்டிய நாட்டிலிருந்து அவர் வந்தார். பள்ளியில் இதை நட்பின் பெருமை என்று மனப்பாடம் செய்தோம். எனக்கு அதில் இப்போது பெரிதாகப் படுவது, முன்கூட்டியே ஒதுக்கப்பட்ட அந்த இடம்தான். நேரில் காணாதவருக்கும் தன் சாவில் பங்கு உண்டு என்று சோழன் தன் வாயால் சொல்லிவைத்தான். நாம் யாரும் அப்படிச் சொல்லி வைப்பதில்லை. அதனால் வரும் இழப்பு பெரியது. இரண்டு இளைஞர்களின் கதைகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் அது விளங்கும்.

முதலாமவர் அமெரிக்காவின் ஜோயல் கிளெக்கர். உலகம் முழுவதும் தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் டெபியன் இயங்குதளத்தில் வேலை செய்தவர். 2000 ஜூலையில், 21 வயதில் இறந்தார். டுஷென் தசைச்சிதைவு என்னும் நோய். பெரும்பாலான வேலையைப் படுக்கையில் இருந்தபடிதான் செய்திருக்கிறார். கூட உழைத்தவர்களில் பெரும்பாலோருக்கு அவர் இறந்த பிறகே அது தெரிந்தது. அடுத்த மாதம் வெளிவந்த டெபியன் 2.2 பதிப்பை அவர் நினைவுக்கே காணிக்கையாக்கினார்கள். இரண்டாமவர் நார்வேயின் மாட்ஸ் ஸ்டீன். அவருக்கும் அதே நோய். இணையத்தில் பலர் கூடி ஆடும் ஒரு விளையாட்டில் வருடக்கணக்காக இருந்தவர். 2014 நவம்பரில், 25 வயதில் இறந்தார். மகன் நண்பர்களே இல்லாமல் தனியாக வாழ்ந்து போய்விட்டான் என்று பெற்றோர் உடைந்துபோயிருந்தார்கள். இறந்த செய்தியை மகன் எழுதிவந்த பக்கத்தில் தந்தை பதிந்தார். பல நாடுகளிலிருந்து கடிதங்கள் வந்து குவிந்தன. என் துயரத்தில் எனக்குத் துணையாக இருந்தவர், என் பிள்ளையோடு நான் மறுபடி பேச வழி செய்தவர் என்று ஒவ்வொருவரும் ஒன்றைச் சொன்னார்கள். சவ அடக்கத்துக்கு அந்தக் குழுவிலிருந்து சிலர் நாடு கடந்து வந்தார்கள்.

ஜோயலின் குழுவுக்கு அவர் உடம்பு தெரியவில்லை. மாட்ஸின் வீட்டுக்கு அவர் குழு தெரியவில்லை. ஒரே மனிதரின் இரண்டு பாதிகள், நடுவில் பூட்டிய கதவு. சாவு வந்து அந்தக் கதவைத் திறக்கிறது. திறந்து பார்க்கும்போது கேட்க வேண்டியவர் இல்லை.

எங்கள் ஊர்த் தொழில் இந்த விஷயத்தில் எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒன்று உண்டு. கரையையும் உடலையும் கோத்து நெய்யும் கோர்வைச் சேலைக்கு மூன்று நாடா. நெய்பவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து ஒரு கரைக்கான நாடாவைத் தள்ளுவார். ஒரு பாவில் பெரும்பாலும் மூன்று சேலை. நெய்பவர் நடுவில் இறந்துவிட்டால் பாதிச் சேலையை அறுத்துப் போட முடியாது. காரியம் முடிந்த பிறகு மகனோ தம்பியோ மருமகளோ அந்தத் தறிக்குழியில் இறங்கி உட்காருவார். ஊடையை அடித்து இறுக்கும் கை ஆளுக்கு ஆள் வேறு. எந்த இடத்தில் கை மாறியது என்று தேர்ந்த கண் சொல்லிவிடும். சேலை முழுசாக வெளியே போகும். உடுத்துகிறவருக்கு ஒன்றும் தெரியாது.

கட்டற்ற மென்பொருளும் இப்படிக் கை மாறித்தான் பிழைத்திருக்கிறது. நெதர்லாந்தின் பிராம் மூலினார் 1991இல் வெளியிட்ட ‘விம்’ என்னும் எழுதுகருவியை அவரே முப்பது ஆண்டுகளுக்கு மேல் பேணினார். அதைத் திறந்தாலே உகாண்டாவின் ஏழைக் குழந்தைகளுக்கு உதவுங்கள் என்ற வேண்டுகோள் கண்ணில் படும். 2023 ஆகஸ்ட் 3இல் அவர் மறைந்தபோது, கூட உழைத்துவந்தவர்கள் பொறுப்பை ஏற்றார்கள். 2024 ஜனவரியில் அடுத்த பதிப்பு 9.1 வந்தது, அவருக்கே அது காணிக்கை. குழந்தைகளுக்கான வேண்டுகோளும் நின்றுவிடவில்லை.

ஆனால் ஓர் இடத்தில் நிரலுக்குக் கிடைத்த நியாயம் பட்டுக்குக் கிடைக்கவில்லை. காஞ்சிப் பட்டுக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சேலையில் பட்டு முத்திரை இருக்கும், சங்கத்தின் பெயர் இருக்கும், நெய்தவர் பெயர் மட்டும் பெரும்பாலும் இருக்காது. நிரலில் அப்படியில்லை. ‘கிட்’ போன்ற கருவிகள் ஒவ்வொரு வரியையும் யார், எந்த நாளில் எழுதினார் என்று குறித்து வைக்கின்றன. பழைய நிரலைத் திருத்தப் போகும்போது, இறந்துபோன ஒருவரின் பெயர் வரியோரத்தில் வந்து நிற்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் அந்த வரியைத் தொடுமுன் ஒரு கணம் நின்று, அவர் ஏன் இப்படி எழுதினார் என்று புரிந்துகொண்ட பிறகே மாற்றுகிறேன். நான் செய்யத் தெரிந்த அஞ்சலி அது. என் முன்னோர் நெய்த எந்தச் சேலையிலும் எனக்கு அப்படி ஒரு பெயர் கிடைத்ததில்லை.

இந்தத் துக்கத்துக்குச் சடங்கு இல்லை என்றால் அதை நாம்தான் உண்டாக்க வேண்டும். சில காரியங்கள் இப்போதே செய்யக்கூடியவை. எந்த ஆர்வக் குழுவாக இருந்தாலும், உறுப்பினர் ஒவ்வொருவரும் தன் வீட்டார் ஒருவரின் எண்ணை, நம்பிக்கையான இன்னொரு உறுப்பினரிடம் கொடுத்து வைக்கலாம். குழுவின் தளத்துக்கும் கணக்குகளுக்கும் உரிய கடவுச்சொற்கள் ஒருவர் தலைக்குள் மட்டும் இருக்கக் கூடாது. இரண்டு பேருக்காவது தெரிந்திருக்க வேண்டும். சொந்தக் கணக்குகளை என்ன செய்வது என்பதை உயிலைப்போலவே எழுதி வைக்கலாம். கூகுள் கணக்கில் அதற்கான ஏற்பாடு 2013லிருந்தே இருக்கிறது. இல்லாவிட்டால், இறந்தவரின் பிறந்தநாளுக்கு வாழ்த்துச் சொல்லும்படி இயந்திரம் நினைவூட்டும். அந்த வலியைப் பட்டவர்களுக்குத் தெரியும். நாலு வாரம் ஒருவர் வரவில்லையென்றால், வேலை இருக்கும்போல என்று விட்டுவிடாமல் ஒரு தொலைபேசி அழைப்பு. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் சிக்கல் அவிழ்ந்த பிறகு, உடம்பு எப்படியிருக்கு, வீட்டில் எல்லோரும் எப்படி என்று ஒரு கேள்வி. இவற்றில் எதற்கும் தொழில்நுட்பம் வேண்டாம்.

இன்னொன்றைக் கடைசியாகச் சொல்கிறேன். எனக்கு இதுவே முதன்மை. ஒருவர் போய்விட்டால், பக்கத்து ஊரிலிருக்கும் யாராவது இருவர் அவர் வீட்டுக்குப் போக வேண்டும். ராத்திரியெல்லாம் பெட்டியைக் கட்டிக்கொண்டு என்னதான் செய்தானோ என்று அந்த வீட்டில் ஒரு தாய் நினைத்துக்கொண்டிருப்பார். அவர் எதிரில் உட்கார்ந்து சொல்ல வேண்டும்: அம்மா, உங்கள் பிள்ளை செய்த வேலை இது, இதனால் இன்னின்னார் படித்தார்கள், இன்னாருக்கு வேலை கிடைத்தது, இந்தக் கருவி இன்றும் ஓடுகிறது, இனி இதை நாங்கள் பார்த்துக்கொள்வோம். மாட்ஸின் பெற்றோருக்குக் கடிதங்கள் செய்த காரியத்தை நாம் நேரில் போய்ச் செய்ய முடியும். சேர்ந்து செய்த வேலை ஓர் உறவு. அந்த உறவின் பேரில் அந்த வாசற்படி ஏற நமக்கு உரிமை உண்டு. ஏறியே ஆக வேண்டிய கடமையும் உண்டு.