தோற்ற பக்கத்தின் கணக்கு

பண்டார் பாருவில் கிரியான் ஆற்றுக்கு இந்தக் கரை கெடா. பாலம் தாண்டினால் பாரிட் புந்தார், பேராக். எங்களுக்கு வெள்ளி விடுமுறை, அவர்களுக்கு வேலைநாள். அப்படியொரு வெள்ளிக்கிழமை நான் வீட்டில் சாய்ந்திருந்தபோதுதான் எங்கள் கம்பெனியின் கூலிம் சர்வருக்கும் சைபர்ஜெயா சர்வருக்கும் இடையிலான கேபிள் அறுந்தது.

எங்களுடையது டிஆர்பிடி, 2010-ல் லினக்ஸ் கெர்னலிலேயே சேர்ந்துவிட்ட நிரல். கூலிம் டிஸ்க்கில் எழுதுவதை சைபர்ஜெயாவிலும் எழுதும். 'சி' முறையில் ஓட்டினோம்: இரண்டு பக்கமும் டிஸ்க்கில் இறங்கிய பிறகுதான் 'ஆச்சு' என்று பதில் வரும். 'ஏ' முறையில் இந்தப் பக்கம் டிஸ்க்கில் இறங்கி, அனுப்பும் வரிசையில் வைத்ததுமே வந்துவிடும். வேகம்தான், ஆனால் கூலிம் விழுந்தால் வழியில் இருந்தது போச்சு. இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் ஓடும். 350 கிலோமீட்டர் போய்த் திரும்ப 3.5 மில்லி விநாடி. எத்தனை ரிங்கிட் கொட்டினாலும் அது குறையாது. முதலாளிக்கு இதைப் புரியவைப்பது தனி உத்தியோகம்.

அன்று சைபர்ஜெயா, கூலிம் செத்தது என்று முடிவுகட்டித் தானே முதன்மையாகிவிட்டது. கூலிமோ இணைப்பில்லாமல் தன் டிஸ்க்கில் மட்டும் எழுதியபடி, உயிரோடு ஆர்டர் வாங்கிக்கொண்டிருந்தது. 19 நிமிடம். ஒரே ஆர்டர் எண் இரண்டு பக்கமும், வேறு வேறு வாடிக்கையாளருக்கு. மூன்றாவது ஒரு சாட்சி இயந்திரம் வேண்டுமென்ற பேச்சை 'அப்புறம் பார்க்கலாம்' என்று தள்ளியவன் நான்தான்.

டிஆர்பிடிக்கு ஆர்டர் தெரியாது, டிஸ்க் கட்டங்கள்தான் தெரியும். இரண்டையும் சேர்த்துத் தராது. எந்தப் பக்கம் தோற்க வேண்டுமென்று நாம்தான் சொல்ல வேண்டும். அந்தப் பக்கத்தில் 'டிஸ்கார்ட் மை டேட்டா' என்று கட்டளை போட வேண்டும். அங்கே கை நின்றது.

அப்பா தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டிய காலத்தில், காலைப் பிரட்டில் கிராணி செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் பேர் போடுவார். அம்மா வேலைநாளைச் சமையலறைக் காலண்டரில் கரிக்கோடு போட்டு வைப்பார். சம்பளத்தன்று இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் செக்ரோல்தான் ஜெயிக்கும். ஆனாலும் அம்மா அந்தத் தாளைக் கிழித்ததில்லை.

நானும் தோற்கப்போகிற சைபர்ஜெயா டிஸ்க்கை முழுதாகப் பிரதி எடுத்த பிறகே கட்டளையைத் தட்டினேன். அந்தப் பிரதியில் இருந்த 46 ஆர்டர்களைக் கூலிமில் கையால் ஏற்றி முடிக்கும்போது சனி விடிந்திருந்தது.

இப்போது பட்டர்வொர்த்தில் ஒரு சின்னச் சாட்சி இயந்திரம் இருக்கிறது. அதில் டேட்டா டிஸ்க்கே கிடையாது. மூன்றில் இரண்டு சேர்ந்தால்தான் எழுதலாம். அதற்குப் போகும் கேபிள் வேறு சாலையில்தான் போகிறதா என்று நானே மோட்டாரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.